பாதிச் சுற்றில் நின்றுபோன ரைடிங் மோவரும் வீடு தேடி வந்த மெக்கானிக்கும்

எங்கள் வீடு ஓஹையோவில், கொலம்பஸிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஒன்றேகால் ஏக்கர் நிலம். வீடும் டிரைவ்வேயும் போக மீதி எல்லாம் புல்தான். தள்ளிக்கொண்டு போகிற மெஷினை வைத்து வெட்ட ஆரம்பித்தால் சனிக்கிழமை முழுக்க அதற்கே சரியாகிவிடும். அதனால் ஒன்பது வருடத்துக்கு முன்பு உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் ஒரு ரைடிங் மோவர் வாங்கினோம். 42 அங்குல டெக் (பிளேடுகள் சுற்றும் அடிப்பகுதி), 17.5 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். இன்றைய தேதிக்கு 312 மணி நேரம் ஓடியிருக்கிறது. இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் அது ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் கடை வைத்திருக்கவில்லை. ஒரு பழைய வேனில் கருவிகளோடு வீடு வீடாகப் போய் சின்ன எஞ்சின்களை மட்டும் பார்க்கிறார். மோவர், ஜெனரேட்டர், ஸ்னோ ப்ளோயர், அவ்வளவுதான். பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இரண்டையும் போடவில்லை. அவர் வேலை செய்த விதத்தைச் சொன்னால், உங்கள் ஊரில் அந்த மாதிரி ஒருவரைத் தேடிப் பிடிக்க உதவும்.

முதலில் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பினால் 'க்ளக்' என்று சத்தம் வரும். எஞ்சின் பாதிச் சுற்று சுற்றும். அப்புறம் சுவரில் முட்டிய மாதிரி நின்றுவிடும். மறுபடி திருப்பினாலும் அதே கதைதான். ஏழெட்டுத் தடவை முயன்றால் எப்போதாவது ஒருமுறை அந்த இடத்தைத் தாண்டிச் சுற்றி, ஸ்டார்ட் ஆகிவிடும். ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு குறையும் இல்லை, புகை இல்லை, உதறல் இல்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பழையபடி அதே இடத்தில் நிற்கும்.

யாரிடம் கேட்டாலும் பேட்டரி என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த பேட்டரி, அது வீக்காக இருப்பதில் என்ன ஆச்சரியம்? 62 டாலருக்குப் புதுசு வாங்கிப் போட்டேன். மாற்றம் இல்லை. அடுத்து ஒருவர் சோலனாய்டு என்றார். சாவியைத் திருப்பியதும் பேட்டரி கரண்டை ஸ்டார்ட்டருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி அது. 24 டாலர் கொடுத்து அதையும் மாற்றினேன். அதற்கும் பலன் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருக்கும் என்றார்கள். வந்து எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட மட்டும் 130 டாலர், மூன்று வாரம் ஆகும், மற்ற செலவெல்லாம் தனி. மே மாதத்தில் இங்கே மூன்று வாரம் புல்லை விட்டுவைத்தால் முழங்காலைத் தொட்டுவிடும். வீட்டு முன்னால் 8 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் எங்கள் ஊரில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள்.

கோயிலில் ஒரு நண்பர்தான் இவர் நம்பரைக் கொடுத்தார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எப்படி ஆகவில்லை? சத்தமே இல்லையா, டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா, நன்றாகச் சுற்றியும் பிடிக்காமல் இருக்கிறதா, பாதி சுற்றி நிற்கிறதா?" நான்கும் நான்கு வெவ்வேறு வியாதி என்றார். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச், பிரேக் பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் இவற்றில் ஒன்று. டிக் என்ற சத்தம் மட்டும் என்றால் பேட்டரி, அதன் முனைகள், கேபிள், சோலனாய்டு. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் பிளக்கில் பொறி வரவில்லை. நான் "பாதி சுற்றி நிற்கிறது, ஓடினால் நன்றாக ஓடுகிறது" என்றேன். "சரி, வேறு எதுவும் வாங்காதீர்கள், நான் வருகிறேன்" என்று வைத்துவிட்டார். பொருள் வாங்காதே என்று சொல்கிற மெக்கானிக்கை இந்த ஊரில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்கு நாள் கழித்து வந்தார். 10 மணி என்று சொல்லி 12 மணிக்குத்தான் வந்தார். நான் வேலைக்கு லீவு போட்டு உட்கார்ந்திருந்ததால் அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம்.

அப்போது என் மாமனார் எங்களோடு இருந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கோடைக்கு இங்கே வந்திருந்தார். வேன் சத்தம் கேட்டதுமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர் முதலில் சாவியைத் தொடவில்லை. ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்டேன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், பெட்ரோலை நிறுத்தும் ஊசி சரியாக மூடாவிட்டால், வண்டி சும்மா நிற்கும்போதே பெட்ரோல் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கிவிடுமாம். திரவத்தை அழுத்த முடியாது, அதனால் பிஸ்டன் மேலே வரும்போது இதே மாதிரிதான் முட்டி நிற்கும். அந்த நிலையில் விடாமல் சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்குள் ஏதாவது வளையும், உடையும். அப்படிக் கசிந்திருந்தால் ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கும், அளவும் கூடியிருக்கும். என்னுடையதில் வாடை இல்லை, அளவும் சரியாக இருந்தது. ஏழெட்டுத் தடவை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எனக்கு அதைக் கேட்டதும் திக்கென்றது.

அடுத்து மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது, முழு சார்ஜ் அது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை எஞ்சினின் உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு என்னைச் சாவி போடச் சொன்னார். எண் 0.1-ஐத் தாண்டவில்லை. கேபிளோ அதன் இணைப்போ துருப்பிடித்திருந்தால் அங்கேயே வோல்டேஜ் வீணாகி இந்த எண் ஏறும். ஏறவில்லை என்றால் அந்த மைனஸ் பக்கக் கேபிள் சுத்தம் என்று அர்த்தம். இதற்கு ஆனது மொத்தம் மூன்று நிமிடம். நான் 24 டாலருக்கு சோலனாய்டு வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்று நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம்.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயர் முனையை ஓட்டையிலிருந்து தள்ளி ஓரமாக வைத்துவிட்டு, "இப்போது போடுங்கள்" என்றார். போட்டேன். எஞ்சின் சர்ரென்று தடையே இல்லாமல் சுற்றியது. எனக்கு நம்பவே முடியவில்லை. பத்து நாளாகப் பாதிச் சுற்றைத் தாண்டத் திணறிய வண்டி அது. அவர் சொன்னது இதுதான்: பிளக் இல்லாவிட்டால் காற்று ஓட்டை வழியாகப் போய்விடும், அழுத்தம் ஏறாது. அழுத்தம் இல்லாதபோது சுற்றுகிறது, இருந்தால் நிற்கிறது. அப்படியென்றால் பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், எஞ்சினும் இறுகவில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டிய ஏற்பாட்டைத்தான்.

இந்த மாதிரி எஞ்சின்களில், வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டான கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, பிஸ்டன் காற்றை அழுத்துகிற நேரத்தில், அது ஒரு வால்வை மயிரிழை அளவு தூக்கிப் பிடிக்கும். கொஞ்சம் காற்று வெளியே போகும், ஸ்டார்ட்டருக்குச் சுமை குறையும். எஞ்சின் வேகம் எடுத்ததும் அது தானாக விலகிக்கொள்ளும். ஆனால் வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கர் கைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நாளாக ஆகத் தேய்ந்து கூடிவிட்டால், அந்த மயிரிழைத் தூக்கல் வால்வு வரைக்கும் போய்ச் சேராது. இடைவெளியிலேயே கரைந்துவிடும். முழு அழுத்தமும் ஸ்டார்ட்டர் தலையில் இறங்கும். அதனால்தான் முட்டி நிற்கிறது, ஓட ஆரம்பித்தால் ஒன்றும் தெரிவதில்லை.

இதை நான் மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "இது நம்ம ஆயில் எஞ்சின் மேல ஒரு லிவர் இருக்குமுங்களே மாப்ளே, அதேதானுங்க. அதைத் தூக்கி வெச்சுட்டுத்தான் ஹேண்டில் போட்டுச் சுத்துவோம். வேகம் வந்ததும் பட்டுனு விட்டுடணும். இதுல அது தானா நடக்குது, அவ்வளவுதான்." கிணற்றுக்குக் கரண்ட் கிடைப்பதற்கு முன் பல வருடம் டீசல் எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீர் இறைத்தவர் அவர். நான் வீடியோ வீடியோவாகப் பார்த்தும் பிடிபடாதது அவருக்கு ஒரு வரியில் பிடிபட்டுவிட்டது.

அதை நான் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கையால் சுற்றும் ஹேண்டிலைப் பிடிப்பது போல முஷ்டியைக் காட்டினார். கட்டை விரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருந்தது. எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டை விரல் போய்விடும், அதனால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. மாமாவும் தன் முஷ்டியை நீட்டிக் காட்டினார். அதே பிடிதான். சின்ன வயதில் பண்ணையில் பழைய டிராக்டரில் கற்றுக்கொண்டது என்றார் மெக்கானிக். அதற்கு அப்புறம் அவர் ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்வதற்கு முன்னால் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வால்வு மூடியில் நான்கே போல்ட். கழற்றியதும் உள்ளே இரண்டு ராக்கர் கைகளும் இரண்டு ஸ்ப்ரிங்குகளும் ஆயில் பூசிப் பளபளத்தன. பிளக் ஓட்டை வழியாக ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைப் பிஸ்டன் மேல் நிற்க வைத்து, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் திருப்பினார். ஸ்க்ரூ டிரைவர் மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பித்து, கால் அங்குலம் இறங்கியதும் நிறுத்தினார். அந்த இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். உச்சியில் வைத்து அளந்தால் அந்தத் தூக்கும் ஏற்பாடே வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கும், அளவு தப்பாக வரும்.

ஃபீலர் கேஜ் என்பது விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டு. ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். என் எஞ்சினுக்கு உள்ளே இழுக்கும் வால்வில் 0.003 முதல் 0.005 அங்குலம், வெளியே தள்ளும் வால்வில் 0.005 முதல் 0.007 அங்குலம் இருக்க வேண்டும். இருந்தது முதலாவதில் 0.010, இரண்டாவதில் 0.011. இருக்க வேண்டிய இடைவெளி ஒரு சாதாரணத் தாளின் தடிமன்தான். அதில் இன்னும் ஒரு தாள், ஒன்றரைத் தாள் கூடியதற்கே இவ்வளவு பாடு.

முதல் வால்வை அவர் சரிசெய்தார். இரண்டாவதை என்னைச் செய்யச் சொன்னார். 0.006 தகட்டை இடைவெளியில் நுழைத்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே தகட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் தகடு வழுக்கிக்கொண்டு வந்தது. "இன்னும்" என்றார். கொஞ்சம் இறுக்கினேன், தகடு வளைய ஆரம்பித்தது. "அது அதிகம்." மறுபடி தளர்த்தினேன். வெண்ணெய்க்குள் கத்தி போவது போல, லேசாகப் பிடித்து இழுக்கிற ஒரு நிலை வந்தது. "இதுதான். இதை விரல் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்" என்றார். பூட்டும் திருகை இறுக்கும்போது நட்டு கூடவே நகர்ந்துவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும். அளந்தேன், நகர்ந்துதான் இருந்தது. மூன்றாவது முறையில் சரியாக உட்கார்ந்தது.

ஆயில் கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் வைத்து மூடியைப் போட்டார். பிளக்கின் முனை கறுத்திருந்ததால் புதுசு போட்டார், இடைவெளி 0.030 அங்குலம். எல்லாம் சேர்ந்து 50 நிமிடம் ஆகியிருக்கும். மாமாவைச் சீட்டில் உட்கார வைத்துச் சாவி போடச் சொன்னார். ஒரே திருப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார், அப்புறம் இன்னொரு தடவை. மூன்றிலும் பிடித்தது.

பில் 102 டாலர். வீட்டுக்கு வந்து முதல் ஒரு மணி நேரம் பார்க்க 85, கேஸ்கெட்டும் பிளக்கும் சேர்ந்து 17. கையால் எழுதிய ரசீதுதான். ரொக்கமோ செக்கோதான் வாங்குவார், கார்டு கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால் நான் செக் புத்தகத்தைத் தேட வேண்டியிருந்தது. சனி ஞாயிறு வர மாட்டார். வண்டியின் ஹைட்ரோ டிரான்ஸ்மிஷனில் (ஆயில் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் பகுதி) கோளாறு என்றால் அதைத் தொட மாட்டார், எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

அவரை நான் மதிக்க இன்னொரு காரணம் உண்டு. எங்கள் சீட்டு சுவிட்சும் போன வருடத்திலிருந்தே சண்டித்தனம் செய்கிறது. மேடு பள்ளத்தில் உடம்பு கொஞ்சம் எழும்பினாலும் எஞ்சின் நின்றுவிடும். அந்த வயரைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு பேர் எனக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். இவரிடம் கேட்டபோது முகம் மாறிவிட்டது. பிளேடு சுற்றும்போது ஆள் சீட்டிலிருந்து விழுந்தாலோ இறங்கினாலோ எஞ்சினை அணைப்பது அந்தச் சுவிட்ச்தான், அதை முடிச்சுப் போட்டுத் தர மாட்டேன், யார் போட்டுத் தந்தாலும் வாங்காதீர்கள் என்றார். சீட்டுக்கு அடியில் துருவைச் சுரண்டி, ஆட்டம் கண்டிருந்த கனெக்டரை அழுத்தி மாட்டினார். இப்போது நிற்பதில்லை. எங்கள் வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறது. அந்த வேலைக்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை.

போகும்போது பெட்ரோலைப் பற்றியும் சொன்னார். இங்கே பங்கில் கிடைப்பதில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும், அது ஈரத்தை இழுக்கும். கேனில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அக்டோபரில் கடைசியாக வெட்டும்போது டேங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரைக்கும் போய்ச் சேர ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் ஷெட்டில் ஏற்ற வேண்டும். வால்வு இடைவெளியை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றார். ஃபீலர் கேஜ் நான் வாங்கி வைத்துவிட்டேன், 8 டாலர்தான்.

உங்கள் வண்டிக்கு நான் சொன்ன அளவுகள் பொருந்தாமல் போகலாம். எஞ்சினின் மாடல் எண் பெரும்பாலும் அதன் மேலேயே இருக்கும், அதை வைத்துப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதிச் சுற்றில் முட்டி நின்றால் பேட்டரி வாங்க ஓடாமல், முதலில் ஆயிலை முகர்ந்து பாருங்கள், அப்புறம் பிளக்கைக் கழற்றிச் சுற்றிப் பாருங்கள். யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால், போனில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எப்படி நிற்கிறது என்று கேட்காமல் என்ன மாற்றலாம் என்று பேச ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கொலம்பஸ் வட பகுதியில் இருப்பவர்களுக்கு இவர் நம்பர் வேண்டும் என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன். காலை 8 மணிக்கு முன் கூப்பிட்டால் எடுப்பார். ஏப்ரல், மே மாதங்களில் நாள் கிடைப்பது கஷ்டம், பிப்ரவரியிலேயே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.